விட்டுப்போன நாலாவது பாயிண்ட்

ஜூலை 3, புதன்

பத்தாம் வகுப்பு குடிமையியல் விடைத்தாள்கள், நாற்பத்து மூன்று. கேள்வி: குடிமக்களின் கடமைகள் யாவை? முதல் தாளில் 1, 2, 3, 5 என்று எண் போட்டிருந்தது. அவசரத்தில் எழுதியது என்று நினைத்தேன். இரண்டாவது தாளிலும் அப்படியே. பத்தாவதிலும். சந்தேகப்பட்டு என் நோட்ஸை எடுத்துப் பார்த்தால், நான்தான் வகுப்பில் சொல்லும்போது நாலை விட்டு ஐந்துக்குத் தாவியிருக்கிறேன். நாற்பத்து மூன்று பேரும் அப்படியே எழுதி, அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே கக்கியிருக்கிறார்கள். "நாலு எங்கே மிஸ்?" என்று கேட்க ஒரு பிள்ளைக்குத் தோன்றவில்லை.

விட்டுப்போன நாலாவது என்ன தெரியுமா? ஆள்பவர்களைக் கேள்வி கேட்பது.

இவரிடம் சொன்னேன். தட்டைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "கேட்டிருந்தா மட்டும்? வாயை மூடிட்டு எழுதுன்னு சொல்லியிருப்ப." கோபம் வந்தது. உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

ஜூலை 5, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். இந்த முறை வகுப்புத் தலைவியை நான் நியமிக்கப் போவதில்லை. ரகசிய வாக்கெடுப்பு. சாக்பீஸ் பெட்டியில் ஓட்டை போட்டு வாக்குப்பெட்டி செய்தாயிற்று.

போட்டியில் இரண்டு பேர். ஒருத்தி முதல் ரேங்க். இன்னொருத்தி லேட்டு, தினமும் பத்து நிமிடம் பிந்தி வருவாள், காரணம் கேட்டால் சிரிப்பாள். ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் அவள் பெயர் அதுதான்.

ஜூலை 8, திங்கள்

முதல் ரேங்க் பேசியது அச்சு அசல் கட்டுரை. லேட்டு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "ஜன்னல் பக்க பெஞ்சுல எப்பவும் அதே ஆளுங்கதான் உக்கார்றாங்க, வாரத்துக்கு ஒரு தடவை மாத்திக்கலாம்."

லேட்டு 24, முதல் ரேங்க் 19. ஆசிரியர் அறையில் தனியாக இரண்டு முறை எண்ணினேன்.

தலைமையாசிரியையிடம் சொல்லப் போனதுதான் என் தப்பு. "நிர்வாகக் குழு வர்ற அன்னிக்கு வாசல்ல வரவேற்க இவ நிப்பாளா? அவங்க போனப்புறம்தான் வருவா. மாத்தி அறிவிச்சிடுங்க டீச்சர். யாருக்குத் தெரியப் போகுது?"

"சரிங்க மேடம்" என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் வாய்க்கு நன்றாகப் பழகிய மூன்று சொற்களில் இரண்டு. மூன்றாவது, "மன்னிச்சுக்கோங்க".

முதல் ரேங்க் வென்றதாக அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். லேட்டுவும்.

ஜூலை 9, செவ்வாய்

இன்றைய பாடம்: சுதந்திரமான, நேர்மையான தேர்தல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதே கையால் கரும்பலகையில் எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் எதுவுமே உறைக்காது என்று அவர்கள்மேல்தான் எரிச்சல் வந்தது. என்ன பிறவி நான்?

ஜூலை 11, வியாழன்

மனு எழுதும் பயிற்சி. "நோட்ஸ்ல இருக்கற தெருவிளக்கு மனு வேண்டாம், உங்களுக்கு நிஜமா என்ன வேணுமோ அதை எழுதுங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். திருத்த உட்கார்ந்தால் வரிசையாகத் தெருவிளக்கு. நாற்பத்திரண்டு தெருவிளக்கு. லேட்டுவும் தெருவிளக்குத்தான் கேட்டிருந்தாள். பேனாவைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

கடைசித் தாள் முதல் ரேங்கினுடையது.

"1. நாங்கள் நாற்பத்து மூன்று பேர் வாக்களித்தோம். 2. நான் எனக்கு வாக்களிக்கவில்லை, எனக்கும் ஜன்னல் பக்கம் உட்கார ஆசை. 3. எனக்கு எத்தனை வாக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லை. 4. எனவே வாக்குகளை எங்கள் முன் எண்ணுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மார்க் வேண்டாம் மிஸ், பதில் போதும்."

நாலு இருந்தது.

இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "எண்ணினா வேலைக்கு ஆபத்து ஏதாவது வருமா?" "வரலாம்." "எண்ணலைன்னா?" தாளை நாளைக்கு எடுத்துப்போகும் பையில் வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

பீரோவிலிருந்து சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். "திங்கக்கிழமை நான் பொய் சொன்னேன்" என்றேன். முதல் ரேங்க் சீட்டுகளைப் பிரித்துப் படித்தாள், நான் பலகையில் கோடு போட்டேன். பதினொன்றாவது சீட்டில் லேட்டு வந்து சேர்ந்தாள். "என்ன மிஸ் எண்ணுறீங்க?" "உனக்கு விழுந்த வோட்டு. உக்காரு."

இருபத்து நான்கு.

மதியம் தலைமையாசிரியை கூப்பிட்டார். அதை எழுத இப்போது தெம்பில்லை.

ஜூலை 19, வெள்ளி

மெமோ வந்துவிட்டது. திங்கள் முதல் பத்தாம் வகுப்பு எனக்கில்லை. ஆறாம் வகுப்புக்குக் கையெழுத்துப் பயிற்சி. பார்த்து எழுத வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். லேட்டு தலைவியாக நீடிக்கிறாள். பிள்ளைகள் எண்ணிப் பார்த்ததை யாராலும் மாற்ற முடியவில்லை. ஜன்னல் பெஞ்சில் இந்த வாரம் முதல் ரேங்க்.

கடைசி வகுப்பில் நோட்ஸ் சொன்னேன். ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிட்டேன். வேண்டுமென்றா, வழக்கமான கவனக்குறைவா, எனக்கே தெரியவில்லை. நாலைந்து கைகள் எழுந்தன. பிந்தி வந்து வாசலிலேயே நின்றிருந்த லேட்டு முந்திக்கொண்டாள். "மிஸ், ஏழு எங்க?"

வாயை மூடிட்டு எழுது என்று சொல்லவில்லை. ஏழாவதைச் சொன்னேன்.