ஈரத்தில் காயும் படம்

அன்பு மகளே,

நீ வங்கி வேலையை விட்டுவிட்டு அரக்கு ஓவியமே தொழிலென்று இறங்கியதை நம் ஊர் ஃபான் தியெட் சந்தையே பேசுகிறது. எனக்கு மட்டும் நீ சொல்லவில்லை.

பக்கத்துக் கடை நியெம் சிரித்தாள்: "அக்கா, உங்க மக அடுக்கடுக்கா பூசிட்டு, பூசினதையே தேய்க்கிறாளாமே! கிறுக்கா?"

"அடியில இருக்கிற நிறம் மேல வரத்தான்டி தேய்க்கிறா. கருவாட்டுக்காரிக்கு என்ன தெரியும்?" என்றேன். நானும் கருவாட்டுக்காரிதான்.

முன்பே விசாரித்து வைத்திருந்தேன். நீ பூசும் அரக்கு மரப்பாலாம்; வெயிலில் காயாதாம், ஈரக் காற்றில்தான் காயுமாம். நம் கடைப் பின்னறையில் எப்போதும் ஈரம்; கருவாடு வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. எனக்கு உதவாத இடம். சைகோனில் வாடகை கொடுத்து ஏன் ஈரம் தேடுகிறாய்?

அறையைக் கழுவிவிட்டேன். நாற்றம் மட்டும் போகவில்லை. படத்துக்கு மூக்கு கிடையாது. நீ கருவாட்டு நாற்றத்திலேயே வளர்ந்தவள். வந்துவிடு.

உன் அம்மா