ஒரு வருத்தமும் இல்லாத வீதி

786

கடற்கரை வீதி,
14.03.1982

அன்புள்ள மகன் ஜவுபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாட்கள் போகின்றன, உன் சுகத்துக்கு ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன். வெட்டு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது, உறையின் ஓரம் விலகியிருந்தது, தபால் கந்தோரில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். வெயிலில் பசை விட்டிருக்கும் என்கிறார் வாப்பா. அவர் யாரையும் சந்தேகப்படமாட்டார், அந்த வேலையும் இந்த வீட்டில் என் தலையில்தான். கொழும்பில் சுகாதாரப் பகுதியில் பொருளியல் வேலை என்று நீ எழுதிய நாளிலிருந்தே என் மனம் ஒப்பவில்லை. ஊசி போடுவதில்லை, மருந்து கலப்பதில்லை, பிறகு உன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள்? எந்த ஊரில் எத்தனை பேருக்கு நோய் வருத்தம், எங்கே எத்தனை மருந்துக்காரர் வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை என்று இப்போதுதான் விளக்கியிருக்கிறாய். நம் வீதியில் எண்பத்திரண்டு வீட்டில் ஒரு ஆளுக்கும் வருத்தம் இல்லை என்று தாள் வந்திருக்கிறது, இப்படியே போனால் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மாத முடிவில் நானே எழுதவேண்டி வரும், என்ன நடந்தது உம்மா என்று கேட்டிருக்கிறாய். நடந்ததற்குக் காரணம் நான்தான்.

போன மாதம் கண்ணாடி போட்ட ஒரு ஆள் தாள்களோடு படலையில் வந்து நின்றான். வீட்டில் எத்தனை பேர், அவரவர் வயது என்ன, வயல் எத்தனை ஏக்கர், கூரை ஓடா கிடுகா, கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, நாள்பட்ட இருமல், சீனி வருத்தம், வலிப்பு, மூளைக் கோளாறு யாருக்கும் உண்டா என்றான். நீயே சொல், இதையெல்லாம் யார் கேட்பார்கள்? அட்டாளைச்சேனை ஸைனுலாப்தீனின் மகனை உன் தங்கச்சி முனவ்வறாவுக்குக் கேட்டு அப்போதுதான் ஆள் விட்டிருந்தோம். மாப்பிள்ளை நம் வீட்டில் வந்து குடியிருக்கப் போகிறவர், அதனால் வீட்டை ஒளித்து விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை, சம்பந்தம் முடியாத வீட்டில் மாப்பிள்ளை பக்கத்தார் வாய் நனைக்கமாட்டார்களே, அதோடு நிச்சயமாகிவிட்டது. ஒண்டுமில்ல தம்பி, இந்த வீட்டுல தடிமனுக்குக்கூட ஆரும் படுத்ததில்ல என்று சொல்லிவிட்டேன். அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே முனவ்வறாவைப் பின்வேலியால் பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மாவிடம் அனுப்பினேன். எங்கட புள்ளட காரியம், ஆரு கேட்டாலும் இந்த வீதியில ஒரு வருத்தமுமில்லண்டு சொல்லுங்க என்று சொல்லச் சொன்னேன். அவன் நடந்ததைவிடச் செய்தி வேகமாக நடந்தது. கட்டிக்கொடுக்கக் குமர் இல்லாத வீடு இந்த வீதியில் ஏது, ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்கும் நல்லதென்று அதையே சொல்லியிருக்கிறாள். ஆயிஷா உம்மா மூச்சு முட்டு இழுப்பை அடக்கிக்கொண்டு, வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினாளாம். முகைதீன்பாவாவுக்குச் சீனியால் கால்விரல் எடுத்தது உனக்குத் தெரியும்தானே, அந்தக் காலைச் சாரனுக்குள் இழுத்துக்கொண்டுதான் அவர் பதில் சொன்னாராம்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். உன் கந்தோர் ஆள் வருவான் என்று ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா, அல்லது பெற்ற வீட்டையும் சோதித்துப் பார்க்கத்தான் சொல்லாமல் விட்டாயா? இனி ஆள் அனுப்பினால் மருத்துவிச்சியையும் கூட்டி அனுப்பு, பெண்கள் அவளிடம் கதைப்பார்கள். கொடுப்பதை வாங்கிக் குடிக்கவும் சொல்லு.

இப்போது உண்மையை எழுதிக்கொள். வாப்பாவுக்குச் சயரோகம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இருமலில் இரத்தம் கண்டது. கல்முனை ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, ஊசியை இங்கேயே போட எழுதிக்கொடுத்தார்கள். முதுகு நோவுக்கு என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு காலையில் டிஸ்பென்சரிக்குப் போய் வருகிறார். அப்போதிக்கரி போய்விட்டால் கல்முனைக்கு பஸ் ஏறவேண்டும், பஸ் தரிப்பு வரை நடக்க அவருக்கு மூச்சுக் காணாது. ஊசியையே விட்டுவிடுவார், எனக்கு அவரைத் தெரியும். நான் சொன்ன பொய் முதலில் பிடிக்கப் போவது அவரைத்தான் மகன்.

பெயர் போடாமல் முடியுமென்றால் போடாதே, உன் கந்தோரில் இருந்து அட்டாளைச்சேனைக்குக் கதை போகாது என்று நான் நம்பமாட்டேன். பெயர் இல்லாமல் ஏற்கமாட்டார்கள் என்றால் மறைக்காதே, ஆதம்பாவா, வயது ஐம்பத்தெட்டு என்று எழுது. முனவ்வறாவிடம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறேன். மாப்புள வேற வருவாரு, வாப்பா வேற வருவாரா உம்மா என்று கேட்டாள்.

உன் கையால் நாலு பேருக்கு நன்மை நடக்க அல்லாஹ் துணை செய்வான். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவறவிடாதே. வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இருமலைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வேண்டாம். மகன் அறிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான் என்று என்னிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு அதை முறித்துவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
சுலைகா உம்மா