அவளைக் கேட்காத மன்னிப்பு

வைஜெயந்தி அப்பாவுக்கு,

அன்றைக்குக் கோயில் வாசலில் பஞ்சாயத்துத் தலைவர் நாட்டார் தட்சணாமூர்த்தி இருந்தார், அவர் தம்பி அரவிந்தன் இருந்தான், நம் மாப்பிள்ளை மோகன் இருந்தான், நீங்கள் இருந்தீர்கள். மோகன் உப்பு வாரும் பலகையால் அடித்துக் கை முறிந்த நம் மகள் மட்டும் இல்லை. பெண்கள் பஞ்சாயத்துக்கு வரக்கூடாதாம். தெருமுனையில் நின்று பார்த்தேன். மோகன் சபையில் விழுந்தான். “மன்னிச்சாச்சு, எழுந்திருப்பா” என்றீர்கள்.

உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். பெங்களூர்ச் சமையல் வேலை எனக்குப் பழகிவிட்டது. ஹாஸ்டல் சாம்பார் கையில் கொஞ்சம் தெறித்தது, ஆறிவிட்டது.

பேத்தி பூஜா இங்கே சட்டத் தத்துவம் படிக்கிறாள் அல்லவா, நேற்று சமையல்கட்டுக்கு வந்து என்னோடு பீன்ஸ் நறுக்கினாள்.

“ஆயா, அடி வாங்கினவ ஒருத்தி, மன்னிக்கிறவரு இன்னொருத்தரா? கிளாஸ்ல இதான் பேச்சு. எங்கம்மாவ யாருமே கேக்கலன்னு எழுந்து சொல்லிட்டேன்.”

“பீன்ஸ நறுக்குடி, எனக்குப் பாடம் நடத்தாத” என்றேன். அப்புறம் எனக்கு வேலை ஓடவில்லை.

பொங்கலுக்கு வைஜெயந்தியை மோகனோடு அனுப்பப் போகிறீர்களாம். அவள் வாயால் போறேன் என்று சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

இங்கே உப்பு மாவாக இருக்கிறது. நம் உப்பளத்துக் கல்லுப்பு ஒரு பை அனுப்புங்கள். முடிச்சை வைஜெயந்தியே போடட்டும். முடிச்சைப் பார்த்தால் கை தேறிவிட்டதா என்று எனக்குத் தெரியும்.

உலை கொதிக்கிறது, போகிறேன். அவள் மன்னித்தால் மோகனை நானும் மன்னிப்பேன். அவளைக் கேட்காமல் மன்னித்தவரை மாட்டேன். தாலி ஏறிய நாளிலிருந்து வாயால் சொல்லாத உங்கள் பேரை இப்போது எழுதுகிறேன்: தனக்கோடி.