பிரேசிலா, டோங்காவா

மே 6, செவ்வாய்

மோட்டார்வேயில் இன்றும் விபத்து. ஆக்லாந்தின் ஒரு கோடியில் இருக்கும் மாசியிலிருந்து மறுகோடி ஈஸ்ட் டாமாக்கிக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி ஆயுள் போய்விடுகிறது. தொழிற்சாலைப் பக்கமே வீடு வாங்கியிருக்கலாம் என்று தமயந்தியிடம் சொன்னேன். "பதினெட்டு வருஷமா இதையேதான் சொல்றீங்க" என்றாள்.

சாப்பிடும்போது தர்ஷினி தன் எம்.ஏ. ஆய்வுக்குத் தலைப்பு முடிவாகிவிட்டது என்றாள். ஆக்லாந்தில் குடியேறிய பிரேசில்காரர்களையும் டோங்காக்காரர்களையும் ஒப்பிடப் போகிறாளாம். என்ன வேலை, என்ன வருமானம், எப்படிப்பட்ட வீடு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று. ஒன்று தென் அமெரிக்கா. மற்றது பசிபிக் கடலில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

"அதான்ப்பா இன்ட்ரஸ்டிங். ஒருத்தங்க மூணு தலைமுறையா இங்க இருக்காங்க. இன்னொருத்தங்க நேத்து வந்தவங்க."

தமிழர்களை எடுத்திருக்கலாமே என்றேன். சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு சரியில்லை.

இருபத்துநாலு வயதுப் பெண் உலகப் படத்தில் இரண்டு நாடுகளைச் சும்மா தொடமாட்டாள். ஒன்றில் ஆள் இருக்கிறான். மற்றது மறைப்புக்கு. எது எதற்கு?

மே 10, சனி

வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் நின்றுவிட்டது. குளிர் தொடங்கும் நேரம் பார்த்து. தர்ஷினி எங்கிருந்தோ ஒரு எலெக்ட்ரீஷியன் நம்பர் கொடுத்தாள். நிதேஷ் என்று ஃபிஜி பையன். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். கொள்ளுத்தாத்தா காலத்தில் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பமாம். தமிழில் மாரியம்மன் பெயர் மட்டும்தான் மிச்சம். அரை மணியில் சரி செய்துவிட்டான். அதிகம் பேசவில்லை. இப்படி ஒரு வேலைக்காரன் இந்த ஊரில் கிடைப்பது பெரிய விஷயம்.

தர்ஷினி டீ கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். சர்க்கரை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உபசரிக்கத் தெரியவில்லை.

மே 14, புதன்

கிடைத்த தடயங்கள். திங்கட்கிழமை பையிலிருந்து சீஸ் போட்ட சின்னச் சின்ன உருண்டை ரொட்டி எடுத்துக் கொடுத்தாள். பிரேசில் பண்டம். ருசியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். நேற்று போனில் "மாலோ, மாலோ" என்று யாருக்கோ டோங்கா மொழியில் நன்றி சொன்னாள். இன்று வேறு யாருக்கோ "ஓப்ரிகாடா". இரண்டு மொழியில் நன்றி சொல்லப் பழகியிருக்கிறாள். பெற்றவர்களுக்கு ஒரு மொழியிலும் கிடையாது.

தமயந்தியிடம் சொன்னேன்.

"ஃபேக்டரில பாட்டில் மூடி கோணலா இருக்கான்னு பார்க்கிற கண்ணை வீட்டுக்குக் கொண்டுவராதீங்க" என்றாள்.

எனக்கு இருப்பது சந்தேகம் இல்லை. கவனம். குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலையே அதுதான்.

மே 20, செவ்வாய்

விசாரிப்பது தப்பா? ஊரில் என்றால் பையன் வீட்டுத் தெருவில் நாலு பேரைக் கேட்டிருப்போம். இங்கே தெரு இல்லை, கேன்டீன்தான் இருக்கிறது.

பேக்கிங் லைனில் தியாகோ என்று ஒரு பிரேசில்காரன். மதியச் சாப்பாட்டுக்கு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொந்த ஊரில் பாலம் கட்டும் எஞ்சினியராம். இங்கே சாஸ் பாட்டில் அடுக்குகிறான். மனைவி பல் டாக்டர், சிட்டியில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். இரண்டு ஜோடிகள் சேர்ந்து ஒரு ஃபிளாட். ஊர் திரும்பிய இன்னொரு பிரேசில்காரன் விட்டுப்போன கட்டில், விட்டுப்போன கார். இவர்கள் போகும்போது அடுத்து வருகிறவனுக்குக் கைமாறும். மார்ச்சில் விசா முடிகிறது.

உடம்பு சரியில்லை என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வாட்ஸ்அப் குரூப்" என்றான். பிறகு, இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்றான். சும்மாதான் என்றேன். அவன் நம்பவில்லை. நானும் நம்பியிருக்கமாட்டேன்.

என் முடிவு: படிப்பு உண்டு. நிற்க இடம் இல்லை.

மே 23, வெள்ளி

இன்று சேமிசி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், டோங்கா. எனக்கு முன்னாலிருந்தே இங்கே வேலை பார்க்கிறவன். இத்தனை வருடத்தில் இன்றுதான் அவன் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன் என்று கேட்கும்போதுதான் உறைத்தது.

அவன் அப்பா எழுபதுகளில் தொழிற்சாலை வேலைக்கென்று வந்தவர். மாங்கரேயில் வீடு. பதினோரு பேர். அக்காவும் அவள் பிள்ளைகளும் அங்கேதான். பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் மாவும் டின் இறைச்சியும் உடுப்பும் நிரப்பிக் கப்பலில் ஊருக்கு அனுப்புவார்களாம். சர்ச்சுக்குக் கொடுப்பது தனி. யாராவது இறந்தால் கொடுப்பது தனி.

பிறகு எதுவும் மிஞ்சுமா என்று கேட்டுவிட்டேன்.

சேமிசி தேநீரைக் கீழே வைத்தான். அவன் சின்னவனாக இருந்தபோது, விசா முடிந்தவர்களைத் தேடி விடியற்காலையில் போலீஸ் வீடு வீடாகக் கதவைத் தட்டுமாம். யார் யார் இருக்கிறீர்கள், எங்கே வேலை, எவ்வளவு நாளாக என்று கேட்பார்களாம். "நீ கேட்கிறதும் அப்படியே இருக்கு, பழனி" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனான்.

வேர் உண்டு. அறை இல்லை.

மே 25, ஞாயிறு

தர்ஷினி இன்று முழுக்க மாங்கரேயில். சர்ச் ஹாலில் பேட்டியாம்.

ஜூன் 3, செவ்வாய்

ஆய்வு எப்படிப் போகிறது என்று நைசாகக் கேட்டேன். சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கூலியை மட்டும் பார்த்தா ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்ப்பா. ஆனா ஒரு பிரேசில்காரருக்கு வேலை போச்சுன்னா தாங்கிக்க ஆளே இல்ல. டோங்காக்காரருக்குத் தாங்கிக்க நூறு பேர் இருக்காங்க. அந்த நூறு பேரையும் அவர் தாங்கணும். இதுல யாரு ஏழைன்னு எப்படிச் சொல்றது?"

நன்றாகத்தான் சொன்னாள். பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் நூறு பேர் என்று சொன்னபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிரேசில்காரனைச் சொல்லும்போது அது இல்லை.

டோங்காதான்.

ஜூன் 11, புதன்

சேமிசி தானாகவே வந்தான். அவன் அக்கா மகளுக்கு இருபத்தொன்றாவது பிறந்தநாள், சனிக்கிழமை. "உன் பொண்ணுதான் முக்கிய விருந்தாளி. நீயும் வீட்டம்மாவும் வரணும்" என்றான். என் பெண் எதற்கு முக்கிய விருந்தாளி? கேட்கவில்லை. கேட்டால் போலீஸ் என்பான்.

ஜூன் 14, சனி

என்ன செய்துவிட்டேன்.

ஹால் நிறைய ஆட்கள். மேஜை தெரியாத அளவுக்குச் சாப்பாடு. முழுப் பன்றிக்குட்டிகளாக வரிசையாக இருந்தன. நானும் தமயந்தியும் தர்பூசணியையும் சேப்பங்கிழங்கையும் வைத்துச் சமாளித்தோம். எல்லோரும் இடுப்பில் பாய் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மரியாதைக்கு அப்படிக் கட்டுவார்களாம். பேச்சுகள், பாட்டு, அழுகை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று சேமிசியின் அக்கா மெலே எழுந்தாள். மலை மாதிரி ஒரு பெண்மணி. தர்ஷினியை மேடைக்குக் கூப்பிட்டாள். என் பெண்ணின் இடுப்பில் மெல்லிய பாய் ஒன்றைத் தானே சுற்றிக் கட்டினாள். மரப்பட்டைத் துணியை இரண்டு பேர் விரித்துக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்கள். நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் பிறந்தநாள் பெண். அந்தப் பக்கம் அவள் அண்ணன், கோட்டு போட்ட வாட்டசாட்டமான பையன். ஹால் முழுக்கக் கைதட்டல். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பெண்ணுக்குத் துணி வைக்கிறார்கள். பையன் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். சபை கூடியிருக்கிறது. இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? நிச்சயதார்த்தம். என்னைக் கேக்காம, என் கண்ணு முன்னாலயே —

எழுந்து போனேன். தமயந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. மைக்கை வாங்கினேன். "நான்தான் இவளுடைய அப்பா. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. இது நடக்காது" என்றேன். ஆங்கிலத்தில். எல்லோருக்கும் புரியும்படி.



தர்ஷினி எழுந்து வந்து தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னாள். "அந்தப் பொண்ணு டீச்சர் ட்ரெயினிங் ஸ்காலர்ஷிப்புக்கு எழுத நான் ஹெல்ப் பண்ணினேன்ப்பா. கிடைச்சிருச்சு. அதுக்கு நன்றி சொல்றாங்க." மேடைக்குக் கீழே கை காட்டினாள். "அவர் அவளோட அண்ணன். அவர் வைஃப் அதோ உட்கார்ந்திருக்காங்க."

கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தர்ஷினி சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். வெலிங்டனில் ஒரு வேலை வந்திருக்கிறதாம், எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கிறாளாம். தமயந்தியிடம்தான் சொன்னாள். என்னோடு பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்

சேமிசியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வண்டியை நிறுத்தினான். "எனக்கு ஒண்ணும் இல்லை. எங்க குடும்பத்துல அக்கா பேச்சுதான் எல்லாம். சொல்றதுன்னா அவகிட்ட சொல்லு" என்றான்.

தியாகோ ஓரமாக நின்று சிரித்தான். கதை அதற்குள் பேக்கிங் லைன் வரை வந்துவிட்டது. அன்றைக்கு ஏன் அவனுடைய கட்டிலைப் பற்றிக் கேட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஜூன் 22, ஞாயிறு

சேமிசியின் அக்கா மெலேயின் வீட்டுக்குப் போனோம். பூ, பழம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துப்போகலாம் என்றேன். "தட்டோட போனா இப்ப நாமதான் பொண்ணு கேட்டு வந்திருக்கோம்னு நினைப்பாங்க. கம்முனு இருங்க" என்றாள் தமயந்தி. லட்டு மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மன்னிப்புக் கேட்டேன். மெலே தலையை ஆட்டினாள். பிறகு என்னை எதிரில் உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். என்ன வேலை? அதற்கு முன்னால் ஊரில் என்ன வேலை? அப்பா என்ன செய்தார்? வீடு சொந்தமா? பேங்குக்கு இன்னும் எவ்வளவு நாள் கட்ட வேண்டும்? எத்தனை அறை? எத்தனை பேர்?

மூன்று பேர் என்றேன். "நாலு அறைக்கு மூணு பேரா?" என்றாள். இப்போது இரண்டுதான் என்று தமயந்தி சொன்னாள். மெலே எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் இருந்தது. வேர்த்துவிட்டது எனக்கு. இத்தனைக்கும் அந்த வீட்டில் ஹீட்டர்கூட இல்லை.

கிளம்பும்போது கார் டிக்கி நிறையக் கிழங்கும் வாழைத்தாரும் ஏற்றிவிட்டார்கள்.

ஜூலை 5, சனி

தர்ஷினி கோட் எடுக்க வந்தாள். நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை. அவளே நின்றாள்.

"ஒருத்தர் இருக்கார்ப்பா. பிரேசிலும் இல்ல, டோங்காவும் இல்ல."

கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"கூட்டிட்டு வரணும்னு ஆசைதான். ஆனா அவங்க அப்பா என்ன வேலை, வீடு சொந்தமா வாடகையான்னு நீங்க ஆரம்பிச்சிருவீங்க. அவரை என்னால அந்த மாதிரி உட்கார வைக்க முடியாது. ஒரு கேள்வியும் கேட்கமாட்டீங்கன்னா வர்றோம். இல்லன்னா நான் வெலிங்டன் போறேன்."

சரி என்றேன். உடனே சொன்னேனா, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேனா தெரியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தியாகோவும் இப்படித்தான் பார்த்தான்.

ஜூலை 6, ஞாயிறு

பிரேசிலும் இல்லை, டோங்காவும் இல்லை. அப்படியென்றால் இன்னும் எத்தனை நாடு இருக்கிறது?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். நிதேஷ்.

"ஹீட் பம்ப் நன்றாகத்தானே ஓடுகிறது" என்றேன். சத்தியமாக வேறு எதுவும் தோன்றவில்லை. அவன் ஷூவைக் கழற்றினான். பின்னால் தர்ஷினி நின்றுகொண்டிருந்தாள்.

நான் சந்தேகமே படாத ஒரே ஆள். தெற்கே மாங்கரே வரை போய்த் தேடினேன். என் வீட்டு ஏணியில் ஏறி நின்றவனைப் பார்க்கவில்லை. இப்படி ஒருவன் கிடைப்பது பெரிய விஷயம் என்று நானேதான் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஹீட் பம்ப் மே மாதம் உண்மையிலேயே பழுதாகியிருந்ததா? கேட்கக் கூடாது.

சாம்பாரோடு நாலு கேள்வியை விழுங்கினேன். கூட்டோடு இன்னும் இரண்டு. ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் ரசம்?" என்றேன்.

நிதேஷ் ஊற்றிக்கொண்டான். இரண்டு தடவை.

சாப்பிட்டு முடித்ததும் தர்ஷினி டீ கொண்டுவந்தாள். யாரையும் கேட்காமல் அவன் கோப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். மூன்று அதிகம். அதையும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் வருகிறார்களாம். வெலிங்டன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார், வீடு சொந்தமா வாடகையா, எனக்குத் தெரியாது. தமயந்திக்குத் தெரியும் போலிருக்கிறது. அவளையும் கேட்கவில்லை.