ஜூனில் நடந்தது

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்றைக்கும் ஆபீஸ் நடத்தும் ஆங்கில வகுப்பில் மானம் போயிற்று. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் எங்கள் சலவைக்கூடத்தில் புதிதாக இன்னொரு சூப்பர்வைசரைப் போடப்போகிறார்களாம். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வேலையாம். அதற்காக, ஷிப்ட் முழுக்கக் கால் கடுக்க நின்ற பிறகு, நாற்பத்திரண்டு வயதில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுப்பாடம்: மாதத்துக்கு ஒரு வாக்கியம், ஆக மொத்தம் பன்னிரண்டு. "உங்களுக்கு நடந்ததையே எழுதுங்க, அப்பதான் மனசுல நிக்கும்" என்றார் டீச்சர்.

எனக்கு நடந்ததை எழுதினால் தாள் தாங்குமா?

ஆகஸ்ட் 8, வியாழன்

ஜனவரியில் குளிர் அதிகம். பிப்ரவரியில் என் மகள் பிறந்தாள். இப்படியே மே வரைக்கும் ஒப்பேற்றிவிட்டேன். மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு அதட்டல் போட்டேன். பன்னிரண்டு மாதப் பெயரையும் இருபது இருபது முறை எழுதியதில் விரல் வலிக்கிறது.

ஜூனுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஜூனில்தான் குண்டூசியின் கை துணி தேய்க்கும் சூட்டு உருளையில் மாட்டியது. என் பக்கத்தில் நின்று படுக்கை விரிப்பை உருளைக்குள் விடுகிறவள். ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று தைக்கும்; அதனால் அந்தப் பெயர். தடுப்புக் கம்பி கழன்று மூன்று வாரம் ஆகியும் யாரும் மாட்டவில்லை. சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியது நான்தான். அந்த அலறல் — வேண்டாம்.

போன் செய்தால் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. நான் என்ன செய்தேன் அவளுக்கு?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

என்ன செய்தேன் என்று தெரிந்துவிட்டது.

அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தாள். "எதுக்கு வந்தீங்க? இன்னும் எதுல கையெழுத்துப் போடணும்?" நீங்களாம்! இத்தனை வருஷம் அக்கா, நீ, வா, போ என்றவள். உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து என் மேல் விட்டெறிந்தாள்.

அவளை மறுபடி வேலைக்கு எடுக்க முடியாது என்று ஆபீஸ் அனுப்பிய கடிதம். கூடவே வேறொரு தாளின் நகல். அதன் அடியில் என் கையெழுத்து. போன மாதக் கடைசியில், துணி மூட்டைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசர் நீட்டிய ஆங்கிலத் தாள். "சும்மா ஒரு பதிவுக்குத்தான்மா, எல்லாரும் போட்டாச்சு." கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

கையெழுத்துக்கு மேலே, மூன்றாவது வரியில், நான் இருபது முறை எழுதிய ஒரு வார்த்தை. ஜூலை. ஜூன் எங்கே என்று தேடினேன், எங்கேயும் இல்லை. மீதியைக் குண்டூசி சொன்னாள். அவள் தம்பி படித்துக் காட்டியிருக்கிறான். விடுப்பில் இருந்தபோது ஜூலையில் வீட்டில் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று நான் சாட்சி சொல்லியிருக்கிறேனாம். நான்!

"படிக்காம போட்டுட்டேன்டி."

"தெரிஞ்சு போட்டாலும் தெரியாம போட்டாலும் போனது என் வேலைதானே?"

கதவைச் சாத்திவிட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சூப்பர்வைசரிடம் நேருக்கு நேர் கேட்டேன். "படிக்காம போட்டது உன் தப்பு. இப்ப மாத்திச் சொன்னா பொய்க்காரின்னு உனக்குத்தான் பேரு. அந்த வேலைக்கு உன் பேரை எழுதி வச்சிருக்கேன், கெடுத்துக்காத."

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல். இல்லை, முக்கால் அவர் மேல்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வகுப்பில் ஜூன் வாக்கியத்தை எழுந்து நின்று படித்தேன். என் தோழியின் கை ஜூனில் இங்கே வெந்தது. டீச்சர் கதவுப் பக்கம் பார்த்தார். "இது வேணாம். ஜூன்ல மழை பெய்யும்னு எழுதுங்களேன்."

"நடந்ததை எழுதச் சொன்னது நீங்கதானே?"

"நல்லதா ஏதாவது... எனக்கும் இந்த ஆபீஸ்தாங்க வேலை குடுத்திருக்கு."

மழையாம், மழை! நனைந்து நாசமாகப் போகட்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தொழிலாளர் அலுவலகத்துக்குக் கொடுக்க எழுதி எழுதி ஏழு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எழுதி முடித்தேன். நீ எழுதித் தரக் கூடாது, வார்த்தை கேட்டால் மட்டும் சொல் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆறே வாக்கியம். ஜூனில் அவள் கை வெந்தது. வேலை செய்யும் இடத்தில் வெந்தது. தடுப்புக் கம்பி இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். ஜூலை என்று சொல்லும் தாளை நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். இந்தத் தாளை நானே எழுதினேன்.

தமிழிலேயே எழுதியிருக்கலாம்தான். ஆனால் எந்த மொழியில் என்னை ஏமாற்றினார்களோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு.

ஆகஸ்ட் 22, வியாழன்

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான்."

"ஏகப்பட்ட தப்பு இருக்கேம்மா."

"மாசம் சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க."

முத்திரை குத்தினார்.

செப்டம்பர் 5, வியாழன்

சூப்பர்வைசர் வேலை வேறொருத்திக்கு. என்னை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். ரத்தம், வாந்தி, மருந்து நெடி. சோறு இறங்கவில்லை. அழவும் இல்லை. அவர்கள் எதிரில் அழுவேனா?

செப்டம்பர் 24, செவ்வாய்

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். உருளை முன்னால் பளபளவென்று புதுக் கம்பி. எப்போது மாட்டினீர்கள் என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் பதிவேட்டைத் தேடப் போனார்.

அக்டோபர் 14, திங்கள்

விசாரணை முடிவில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள்; குண்டூசி இன்று வேலைக்கு வந்தாள். கிழிசல் தைக்கும் மேஜையில் போட்டிருக்கிறார்கள். விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. காலையில் என்னைத் தாண்டித்தான் போனாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போகட்டும் என்று மூட்டையை அவிழ்த்தேன்.

மத்தியானம் ஆபீஸ் ஆள் ஒருவர் ஆங்கிலத் தாளோடு வந்து அவளிடம் பேனாவை நீட்டினார். பேனாவை அவள் வாங்கவில்லை. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து அழுக்கு அறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, இதைப் படிச்சுச் சொல்லு. அப்புறம்தான் போடுவேன்."

கையுறையைக் கழற்றினேன். முதல் வரியிலேயே இரண்டு வார்த்தை தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். பின்னாலேயே வந்த ஆபீஸ் ஆள், "இன்னும் எவ்வளவு நேரம்மா?" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவர் நிக்கட்டும்," என்றாள் குண்டூசி. "நீ மெதுவா படி."