ஒரே வீடு, ரெண்டு அடுப்பு

1966, ஆனி 14.

வள்ளி ரங்கூனில் பிறந்தவள். பர்மா பாஸ்போர்ட்டில் வந்து என்னைக் கட்டிக்கொண்டவள். இங்கே தங்கும் அனுமதி முடியப்போகிறது. புருஷன் குடும்பத்தோடு சேர்ந்து வாழ்கிறாள் என்றால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ். இன்று காலை இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார்.

"மருமக உங்களோடதான இருக்காங்க, ஆச்சி?"

ஆத்தாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீக போங்க. கல்யாணமான மாசமே வேற வச்சாச்சே."

மனுஷர் அப்படியே எழுதிக்கொண்டார். வேறு வைப்பது என்றால் அதே வீட்டில் மகனுக்குத் தனி அடுப்பு கொடுப்பது, அது எங்கள் வழக்கம், வைக்காவிட்டால்தான் மாமியாருக்குக் கேவலம் என்று மன்றாடினேன். வெளியூர்க்காரர், ஏறவில்லை. "நாளைக்கு மத்தியானம் வர்றேன். ஒரே அடுப்பு எரிஞ்சா ஒரே குடும்பம்" என்று போய்விட்டார்.

ஒத்திகையாக இன்று பொழுது சாயவே மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். புளிக்குழம்பில் இருவரும் உப்புப் போட்டிருக்கிறார்கள். கேட்டுக்கொள்ள ஒருத்திக்குப் பயம், இன்னொருத்திக்குக் கௌரவம். என்னைப் பெற்ற அப்பச்சி ஒரு வாய் வைத்துவிட்டு மோர் கேட்டார்.

"பேசாம என்னைய ரங்கூனுக்கே அனுப்பிருங்க" என்றாள் வள்ளி. விளையாட்டா வினையா தெரியவில்லை.

ஆத்தாளுக்கும் கேட்டிருக்கும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"நாளைக்கு அந்த ஆளு தெருவத் தாண்டினதும் ஒன் அடுப்பப் பத்த வச்சிரு, வள்ளி. நாம பிரியாம இருக்கணும்ல."