எழுபத்திரண்டு பொத்தான்கள்

ஜூன் 3, செவ்வாய்

நான் செய்த எழுபத்திரண்டு மண் பொத்தான்களும் அனுப்பிரியா அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. திருத்தங்கலில் அவர் குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னி, கொடைக்கானலில் ஒரு கடைக்கு அனுப்புகிறார். “கையால செஞ்சதுன்னு பார்த்ததும் தெரியுது” என்று செய்தி போட்டிருந்தார். எத்தனை முறை வாசித்தேனோ.

காலையில் அம்மாவைப் பட்டாசு கம்பெனிக்கு ஏற்ற வந்த வேன்காரர் ஜெயபாண்டி அண்ணன், “ஏத்தா சினேகா, கெமிஸ்ட்ரி படிச்சது சீடை உருட்டவா? நீயும் ஏறு, ஒரு சீட்டு காலியாத்தான கெடக்கு” என்றார். போன வருட வெடிவிபத்து வரை அதில் பொன்மணி சித்தி உட்கார்ந்து போனார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 5

இரண்டாவது ஆர்டர். குழாயில் தண்ணீர் வந்து ஒன்பது நாள். மண்ணை அம்மாவே ஊறப்போட்டு வைத்திருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

கருக்கலிலேயே எருவாட்டி அடுக்கிச் சூளை மூட்டினேன். அம்மா வழக்கம்போல வீட்டுக்குள் போய்விட்டாள். வாரமெல்லாம் பட்டாசு மருந்து அள்ளுகிறவளுக்கு நெருப்பைப் பார்க்கப் பிடிக்காது.

தணலில் பொத்தான்களைச் சுற்றி மெல்லிய பச்சை.

கல்லூரி ஆய்வகத்தில் அதே பச்சையைப் பார்த்திருக்கிறேன். பேரியம். கம்பெனியில் பச்சை உப்பு என்பார்கள். விஷம். என் மண்ணுக்குள் எப்படி?

அம்மாவிடம் கேட்டேன். “வேலைச் சீலை அலசுன தண்ணி தெளிஞ்சு அம்சமா இருந்துச்சு. குடிக்கிற தண்ணிய எதுக்கு வீணாக்கணும்? போன தடவையும் அதுலதான ஊறப்போட்டேன்.”

போன தடவையும். அன்று உச்சிவெயிலில் சுட்டேன். பச்சை கண்ணில் படவில்லை.

ஜூன் 9

பல் முளைக்கிற பிள்ளை கைக்கு எட்டிய பொத்தானைத்தான் கடிக்கும்.

சுட்ட மண்ணில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்? ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். படித்தும் எனக்குத் தெரியவில்லை. சொன்னால் ஆர்டர் போகும். பச்சை உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அது தடை செய்த மருந்து. அம்மாவின் பெயர் வரும், வேலையும் போகும். அப்புறம் வேனில் அந்தக் காலி சீட்டில் நான்தான் —

ஜூன் 10

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூன் 11

தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனில் வாசித்தேன். பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அக்கா கேட்டுவிட்டு, “ஆறு சட்டை நேத்துத்தான் கடைக்குப் போச்சு. நிறுத்தச் சொல்லுதேன். போனை வை” என்றார்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 14

ஐந்து சட்டைகள் கடையில் இருக்கின்றன. ஒன்று விற்றுவிட்டது. ஆறு பொத்தான்கள். யார் வீட்டுப் பிள்ளையோ.

“ஒரு பொத்தானுக்கா இம்புட்டுப் பாடு?” என்றாள் அம்மா.

“பிள்ளைக வாயில வைக்கும்மா.”

அம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற சாம்பல் நிறம்.

“இந்தக் கையாலதான உனக்குச் சோறு ஊட்டுனேன்.”



ஜூன் 19

பில்லில் வாங்கியவரின் போன் நம்பர் இருந்ததாம். விற்ற சட்டையும் திரும்பி வந்துவிட்டது. அக்கா இரண்டு தடவை எண்ணினாராம், எழுபத்திரண்டும் இருக்கின்றன. “வேற மண்ணு, வேற தண்ணி. முப்பது மட்டும் செய். சோதிக்கக் குடுத்துட்டுத்தான் தைப்பேன், கோவிச்சுக்கிடாத.”

கோபமா? போனை வைத்துவிட்டு அழுதேன்.

ஜூன் 23, திங்கள்

குடிக்கிற குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு மண் பிசைந்தேன். வாசலில் வேன் ஹாரன். அம்மா இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை.

“அம்மா, வேன்.”

மறுபடியும் ஹாரன். அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்து ஈரக் கையை நீட்டினாள். “கொஞ்சம் மண்ணு குடு.”

முப்பது பொத்தானை வைத்து இரண்டு பேர் எப்படிப் பிழைப்பது? பயமாகத்தான் இருக்கிறது. கொடுத்தேன்.

வேன் கிளம்பிப் போனது. இன்று அதில் இரண்டு சீட்டு காலி.